ஊசியோடு வரும் பூனை

சர்க்கரை நோயுள்ள பெரும்பாலான பூனைகளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டும். காலை ஏழு மணிக்கு ஓர் ஊசி என்றால் இரவு ஏழு மணிக்கு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகை நாளுக்கும் விலக்கு கிடையாது. வளர்த்தவர் இறந்துபோனாலோ, முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, மருந்துச் செலவைத் தாங்க முடியாமல் கைவிட்டாலோ அந்தப் பூனை விலங்குக் காப்பகத்துக்கு வந்து சேர்கிறது. வந்த அன்றே அதற்கு ஊசி வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட பூனை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் காப்பகத்தைத் தாண்டி உயிரோடு போனதே அரிது. இன்று அதை நோயோடும் மருந்தோடும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. மருத்துவம், காப்பகங்களின் விதி, சாதாரண மனிதர்களின் கைப்பழக்கம் ஆகிய மூன்றும் தனித்தனியே மாறி வந்து ஒரு கட்டத்தில் சந்தித்ததால்தான் இது நடந்தது.

காப்பகம் என்ற ஏற்பாடு முதலில் நாய்களுக்காகவே தோன்றியது. 1860-இல் மேரி டீல்பி லண்டனின் ஹாலோவே பகுதியில், வழிதவறிப் பட்டினி கிடக்கும் நாய்களுக்காக ஒரு தற்காலிக இல்லம் தொடங்கினார். நாய்க்கு இல்லமா என்று பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன. 1871-இல் அது பேட்டர்சிக்கு இடம் மாறியது. 1883-இல்தான் பூனைகளையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, மயக்க வாயு செலுத்தி விலங்குகளைக் கொல்லும் அறை ஒன்றை மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் அங்கே அமைத்தார். அடித்தும் நீரில் மூழ்கடித்தும் கொல்லப்பட்ட விலங்குகளுக்கு வலியில்லாத சாவைத் தருவதை அன்றைய ஜீவகாருண்யம் பெரிய முன்னேற்றமாகக் கருதியது. அமெரிக்காவிலும் போக்கு இதுவே. 1866-இல் ஹென்றி பெர்க் தொடங்கிய விலங்குவதைத் தடுப்புச் சங்கம், 1894-இல் நியூயார்க் நகரின் தெருவிலங்குப் பட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. காப்பாற்ற வந்த சங்கமே நகரத்துக்காகக் கொல்லவும் வேண்டிய நிலை அப்போதுதான் உருவாயிற்று. நல்ல உடல்நிலையில் இருந்த பூனைக்கே சில நாள் தவணைதான். நோயுள்ளது என்றால் அந்தத் தவணையும் இல்லை.

பூனைக்கென்றே தனி அக்கறை மெல்லத்தான் வந்தது. 1884-இல் பாஸ்டன் நகரின் பிரைட்டன் பகுதியில் எல்லன் கிஃபோர்டு என்பவரின் பெயரில் ஓர் இல்லம் எழுந்தது. 1927-இல் லண்டனின் காக்ஸ்டன் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் பிரிட்டனின் பூனைப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. ஆனால் அந்த ஆண்டில் பூனைக்குச் சர்க்கரை நோய் வந்தால் செய்வதற்கு எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. இன்சுலின் கண்டுபிடித்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்சுலினின் கதை விலங்குகளின் உடலிலேயே எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற ஆய்வாளர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. நோயின் மூலம் கணையத்தில் இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான். 1921-இல் டொரொண்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் நாய்களை வைத்தே கணையச் சாற்றைச் சோதித்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள் உலகின் இன்சுலின் பெரும்பாலும் இறைச்சிக்கூடங்களிலிருந்து வந்த மாட்டுக் கணையத்திலும் பன்றிக் கணையத்திலும் பிழிந்தெடுத்ததுதான். இதில் பூனைக்கு ஒரு தற்செயல் நன்மை இருந்தது. பூனையின் இன்சுலினும் மாட்டின் இன்சுலினும் ஒரே ஓர் அமினோ அமிலத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. மனித இன்சுலினோடு ஒப்பிட்டால் நான்கு இடங்களில் வேறுபாடு. மனிதருக்காகத் தயாரித்த மாட்டு இன்சுலின் பூனைக்கே அளந்து செய்ததுபோல் பொருந்தியது.

1982-இல் நுண்ணுயிரிகளின் துணையோடு ஆலையில் தயாரான மனித இன்சுலின் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. மனிதருக்கு அது பெரும் வரம். ஆனால் 1990-களில் மாட்டு இன்சுலின் மருந்துக்கடைகளிலிருந்து மறையத் தொடங்கியதும், அதை நம்பியிருந்த பூனைகளை வேறு மருந்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பூனைக்கு எந்த இன்சுலின் நல்லது என்ற கேள்வியைக் கால்நடை மருத்துவர்கள் அப்போதுதான் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள்.

இதற்கிடையே பூனையின் வாழ்க்கையும் மாறியிருந்தது. 1947-இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவர், மலஜலம் கழிக்கும் தட்டில் சாம்பலுக்கும் மணலுக்கும் பதிலாக உறிஞ்சும் களிமண்ணைப் போடலாம் என்று விற்கத் தொடங்கினார். நாற்றம் அடங்கியதும் பூனை முழுநேரமும் வீட்டுக்குள் இருக்க முடிந்தது. எலி பிடித்து, மதில் தாவி அலைந்த உடல் ஜன்னலோரத்தில் படுத்துக் கிடக்கலாயிற்று. கருத்தடை பரவியது, தானியம் கலந்த உலர்தீவனம் எப்போதும் கிண்ணத்தில் இருந்தது. பூனையோ இறைச்சி தின்னவே பிறந்த விலங்கு. உடல் பருத்த, கருத்தடை செய்த, நடுவயது தாண்டிய ஆண் பூனைக்குத்தான் சர்க்கரை நோய் அதிகம் வருகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. பிரிட்டனில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, காப்பீடு செய்யப்பட்ட பூனைகளில் 230-க்கு ஒன்று என்று கணக்கிட்டது. மனிதரின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பெரும்பாலும் ஒத்த நோய் இது. கட்டுப்படாமல் போனால் பின்னங்கால் நரம்புகள் தளர்ந்து, விரல் நுனியில் நடக்க வேண்டிய பூனை குதிகாலைத் தரையில் பதித்து நடக்கிறது. காப்பகத்தில் அந்த நடையைப் பார்ப்பவர்கள் அதை முடமான பூனை என்றே நினைத்துக் கடந்துபோவார்கள். சிகிச்சை கிடைத்தால் பல பூனைகளுக்கு அந்த நடை சரியாகிவிடுகிறது.

காப்பகங்களின் விதி மாறியது கலிஃபோர்னியாவிலிருந்து. சான் பிரான்சிஸ்கோ விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவராக இருந்த ரிச்சர்டு அவன்சினோ, நகரத்துக்காகத் தெருவிலங்குகளைப் பிடித்துக் கொல்லும் வேலையிலிருந்து சங்கத்தை விடுவித்தார். 1994-இல் நகரக் காப்பகத்தோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நகரக் காப்பகத்தில் வீடு கிடைக்காத ஆரோக்கியமான நாய்பூனை அனைத்தையும் சங்கம் ஏற்றுக்கொள்ளும். நோயுற்றாலும் குணமாக்கக்கூடியவற்றைத் தன்னால் இயன்றவரை ஏற்கும். 1998-இல் டாம் ஹேடன் முன்மொழிந்த மாநிலச் சட்டம், வீடு கிடைக்கக்கூடிய விலங்கையும் சிகிச்சை பெறக்கூடிய விலங்கையும் கொல்லலாகாது என்பதை மாநிலத்தின் கொள்கையாக அறிவித்தது. சிகிச்சை பெறக்கூடியது என்ற சொல் சட்டத்துக்குள் வந்தது பெரிய செய்தி. இனிமேல் நோய் என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி ஒரு பூனையின் கணக்கை முடித்துவிட முடியாது.

அந்தச் சொல்லுக்கு வரையறை தந்தது 2004-இல் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் கூடிய விலங்குநல அமைப்புகளின் உடன்படிக்கை. அது விலங்குகளை நான்கு வகையாகப் பிரித்தது: ஆரோக்கியமானவை, சிகிச்சையால் ஆரோக்கியம் திரும்பக்கூடியவை, முழுதாகக் குணமாகாவிட்டாலும் தொடர் சிகிச்சையோடு நல்வாழ்வு வாழக்கூடியவை, காப்பாற்ற வழியில்லாதவை. சர்க்கரை நோயுள்ள பூனை மூன்றாம் வகையில் வருகிறது. ஆனால் வரையறைக்குள் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த ஊரில் நியாய உணர்வும் அக்கறையும் உள்ள வளர்ப்பவர்கள் வழக்கமாக எந்த அளவு சிகிச்சை செய்வார்களோ, அதுவே அளவுகோல். பூனைக்கு ஊசி போடும் வழக்கம் உள்ள ஊரில் அது வாழத் தகுந்த பூனை. அப்படி ஒரு வழக்கமே இல்லாத ஊரில் அதே பூனையைக் கடைசி வகையில் தள்ளலாம். நோயின் கடுமையைவிட ஊரின் பழக்கம் அதன் உயிரைத் தீர்மானித்தது என்பது மனத்தை உறுத்தும் உண்மை. அதே நிபந்தனைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழக்கம் மாறினால் வகையும் மாறும்.

பழக்கத்தை மாற்றியது சின்னச் சின்னக் கருவிகளும் கற்றுக்கொண்ட கைகளும். மனித நோயாளிகள் வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் கையடக்கக் கருவி 1980-களில் பரவியது. பூனையின் காது ஓரத்தில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் அந்தக் கருவிக்குப் போதும் என்று சூரிச் பல்கலைக்கழகத்தில் கிளவுடியா ரோய்ஷ் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பூனை, மருத்துவமனையில் அஞ்சி நடுங்கும் விலங்கு. அச்சத்தாலேயே அதன் சர்க்கரை எகிறும். அதனால் கூண்டுக்குள் எடுத்த ஒற்றை அளவை நம்பி நோயை முடிவுகட்ட முடியாது. முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமின் சோதனையும், வீட்டின் அமைதியில் எடுக்கும் அளவும் இங்கே பெரிதும் உதவுகின்றன.

இந்த வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் நோய் தணிவு பற்றிய அறிவு. நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ஊசிதான். பூனைக்கு அப்படியில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் குறைந்த டின் உணவு தின்ற பூனைகளில் 68 விழுக்காடு இன்சுலின் தேவையிலிருந்து விடுபட்டன; நார்ச்சத்து மிகுந்த உணவு தின்றவற்றில் 41 விழுக்காடு. 2009-இல் கிர்ஸ்டன் ரூம்பும் ஜாக்குலின் ராண்டும் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவர்களே வீட்டில் சர்க்கரை பார்த்து கிளார்ஜின் என்ற வகை இன்சுலினைக் கவனமாகப் போட்டு வந்த 55 பூனைகளில் 64 விழுக்காட்டுக்கு நோய் தணிந்தது. நோய் கண்டறிந்த ஆறு மாதத்துக்குள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியவற்றில் அது 84 விழுக்காடு; பிந்தியவற்றில் 35 விழுக்காடு.

காப்பகங்களுக்கு இந்த எண்கள் நம்பிக்கையும் நெருக்கடியும் தந்தன. இந்தப் பூனைக்கு ஊசி தேவைப்படாமலே போகலாம் என்று தத்தெடுக்க வருபவரிடம் உண்மையாகவே சொல்ல முடிந்தது. ஆனால் அந்த வாய்ப்பு காத்திருக்காது. அச்சம் தரும் கூண்டில், கிடைத்த தீவனத்தைத் தின்று, ஆள் மாறி ஆள் ஊசி போட்டு வாரங்கள் கழியக் கழிய வாய்ப்பு தேய்கிறது. ஆகவே நிரந்தர வீடு கிடைக்கும்வரை அதைத் தற்காலிகமாக ஒரு வீட்டில் வளர்க்கக் கொடுப்பது இத்தகைய பூனைகளுக்கு முதல் சிகிச்சையாயிற்று. அங்கே உணவு மாறுகிறது, அளவு ஒழுங்காகிறது, எந்த வேளையில் பூனை சாதுவாக இருக்கும் என்று ஒருவருக்குத் தெரிகிறது. வளர்ப்பவர் எழுதி வைக்கும் நாள்வாரிக் குறிப்பு பூனையின் ஜாதகம்போல அதோடு பயணிக்கிறது.

வீடு தேடும் முறையும் தனியாக வளர்ந்தது. நோயை மறைத்துக் கொடுத்த பூனை திரும்பி வரும் என்பதை அனுபவம் கற்றுக்கொடுத்ததால், அறிவிப்பின் முதல் வரியிலேயே நோயைச் சொல்லும் வழக்கம் வந்தது. ஏற்க முன்வருபவர்களில் தாங்களே இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், செவிலியர்கள், கால்நடை மருத்துவமனை ஊழியர்கள், முன்பு ஒரு சர்க்கரைப் பூனையை வளர்த்து இழந்தவர்கள் உண்டு. மற்றவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. பூனை தின்றுகொண்டிருக்கும்போது விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியை நுழைத்தால் பல பூனைகள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. அதை ஒருமுறை கண்ணால் பார்த்ததும் பாதி அச்சம் விலகிவிடும். மறு பாதி, சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்பது. தள்ளாடினாலோ துவண்டாலோ ஈறில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். பூனை தின்னாத வேளையில் வழக்கமான அளவை அப்படியே போடக் கூடாது. சிரிஞ்சும் மருந்தும் பொருந்த வேண்டும். விலங்குகளுக்கான இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அமெரிக்க மனித இன்சுலின் பெரும்பாலும் 100. தமிழ்நாட்டில் பல வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருக்கும் 40 யூனிட் குப்பியும் சிவப்பு மூடிச் சிரிஞ்சும் செறிவில் அந்த முதல் வகைதான். சிரிஞ்சு மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். அது உயிரை வாங்கும் பிழை. ஆதலால் பூனையைக் கொடுக்கும்போது முதல் குப்பி மருந்தையும் பொருத்தமான சிரிஞ்சுகளையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் டயபெட்டிக் கேட்ஸ் இன் நீட் என்று இதற்கென்றே உருவான ஓர் அமைப்பு, வீடு தேடுவதோடு மருந்துச் செலவிலும் கைகொடுத்தது.

2009-இல் பூனைக்கான புரோசிங்க் இன்சுலினுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. 2022 டிசம்பரில் பெக்சாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கும், 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவ மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. இரண்டும் நாளைக்கு ஒருமுறை கொடுப்பவை. உடலில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. ஊசிக்கு அஞ்சிப் பின்வாங்கியவர்களுக்கு இவை ஒரு கதவைத் திறந்தன. ஆனால் முன்பே இன்சுலின் போடப்பட்ட பூனைக்கு இவை அனுமதிக்கப்படவில்லை. அதற்குக் கொடுத்தால் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலே அந்த ஆபத்து வரும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். தெருவிலிருந்தோ பூட்டிய வீட்டிலிருந்தோ மீட்கப்பட்ட பூனை முன்பு ஊசி போட்டுக்கொண்டதா என்று சொல்ல அதற்கு வாயில்லை. பழைய வீட்டின் ஃபிரிட்ஜில் இருந்த குப்பியையும் மருத்துவரின் சீட்டையும் பூனையோடு சேர்த்து ஒப்படைத்தவர்களால்தான் காப்பகத்துக்கு அது தெரியவருகிறது. அது தெரியாத பூனைக்குப் பாதுகாப்பான வழி இன்றும் இன்சுலின்தான்.