மேட்டூர் அடைத்த பிறகு

மாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வடுவூர் ஏரிக்கரையில் நின்று பைனாகுலரில் ஊசிவால் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கூட வந்த மாமா சொன்னார்: "மேட்டூர அடைச்சு மூணு வாரம் ஆச்சு. இனிமே இதுங்களும் கெளம்பிடும்."

மாமா விவசாயி. பறவைப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. எல்லாமே கொக்கு, இல்லன்னா தாரா. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வரலாறு இருக்கிறது.

மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அதன்பிறகு டெல்டாவுக்குத் தண்ணீர்க் கணக்கென்று ஒன்று வந்தது: ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. அதை நாம் குறுவை, சம்பாவோடு மட்டும்தான் சேர்த்துப் பார்க்கிறோம். திருவாரூர் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களான வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பாசன ஏரிகள். யாரும் பறவைக்காக வெட்டியவை அல்ல. வயலுக்கு வந்த தண்ணீரில் பறவைகளும் பங்கு கேட்டன, அவ்வளவுதான். 2022-ல் இரண்டும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

வாத்துகள் வடக்கே புறப்படுவது மேட்டூரைப் பார்த்து அல்ல; பகல் நீளுவதை அவற்றின் உடம்பு உணர்கிறது. ஆனால் கிளம்புமுன் கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். ஏரி மெல்ல வற்றினால் ஓரத்துச் சேறு வெளிப்பட்டு உள்ளான்களுக்கும் இரை கிடைக்கும். முத்துப்பேட்டை, கோடியக்கரைச் சேற்றிலும் இதே அவசரம்தான். முன்னாலேயே காய்ந்துவிட்டால் அரைவயிற்றோடு பயணம்.

வலசையைப் பார்க்க நமக்குப் பைனாகுலர் வேண்டியிருக்கிறது. சத்திமுத்தப் புலவருக்குத் தேவைப்படவில்லை. மதுரையில் வாடையில் நடுங்கியபடி, குமரியில் நீராடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையிடம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். அவர் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். அந்தப் பாட்டின் வறுமையைப் பள்ளியிலேயே படித்துவிட்டேன். நாரையை அவர் எங்கே தங்கச் சொல்கிறார் என்பதைத்தான் கவனிக்கவில்லை. ஊர்க் குளத்தில். குளத்தில் தண்ணீர் இருக்கும், நாரை இறங்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சேதியே போகிறது.

2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. குறுவை போனதைப் பற்றி நிறையப் பேசினோம். பேச வேண்டியதுதான். நாரை எங்கே இறங்கியது என்று மட்டும் நான் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது மாமாவிடம் அந்தப் பாட்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கொளம் காஞ்சு கெடந்தா அது நிக்காதுடா. மேலேயே போயிடும்."