சம்புடத்தில் ஒரு பல்

பெரியம்மா அந்தப் பித்தளைச் சம்புடத்தைத் திறந்தபோது பஞ்சுக்கு நடுவே ஒரு கடைவாய்ப்பல் இருந்தது. வேர் முறியாத பல். மேல்பகுதி தேய்ந்து வழவழவென்றிருந்தது. வேர்ப்பக்கம் மட்டும் மண்ணின் பழுப்பு ஏறியிருந்தது.

“எங்க பாட்டியோடது. தாத்தாவை அடக்கம் பண்ணப் பழைய குழியைத் தொறந்தப்ப, குழி வெட்டுறவர் எடுத்து அம்மா கையில குடுத்தார். அம்மா எங்கிட்ட குடுத்தாங்க.”

சாந்தோமுக்குப் பக்கத்தில் அடையாறு கடலைத் தொடும் இடத்தருகே இருக்கும் கிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில்தான் அந்தக் குழி. கல்லறைத் திருநாளில் நாங்கள் மெழுகுவத்தி ஏற்றும் இடம். பெரியம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி. “பாட்டியோட அப்பாவழி முப்பாட்டன் பறங்கிக் கப்பல்காரன்னு சொல்லுவாங்க. நீதான் பழைய காகிதமெல்லாம் பாக்குறவனாச்சே, ராஜா. இந்தப் பல்லைக் குடுத்தா லேபுல சொல்லிடுவாங்களா?”

பதில் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது.

வழக்கம்போல் முதலில் காகிதத்துக்குத்தான் போனேன். எங்கள் குடும்பத்தின் ஞானஸ்நானப் பதிவுகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன். லத்தீன் எழுத்து, மங்கிய மை. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் இருக்கும். தாயின் இடத்தில் பல பக்கங்களில் ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான். மரியாள் என்றால் எந்த மரியாள்? எந்த வீட்டுப் பெண்? தகப்பன் வழியில் நாலைந்து தலைமுறை கடகடவென்று போய்விடலாம். தாய்வழியிலோ இரண்டாவது படியிலேயே தரை தட்டிவிடுகிறது.

போர்ச்சுகீசியப் பெயர் இருந்தால் போர்ச்சுகீசிய ரத்தம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றபோது பறங்கிப் பெயர்களும் சேர்ந்தே வந்தன. பெயர் கொடுத்தவர் ஞானத்தகப்பனாகவோ சாமியாராகவோ இருக்கலாம். எங்கள் வீட்டுப் பெயரை நான் அன்றோடு சாட்சிக்கூண்டிலிருந்து இறக்கிவிட்டேன்.

அடையாறில் ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் பழைய ஆயர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொரு இழை கையில் சிக்கியது. 1606-இல் பிறந்த மறைமாவட்டம் அது. முதல் ஆயர் செபஸ்தியாவோ டி சாவோ பெத்ரோ, அகுஸ்தினார் சபைத் துறவி. மயிலாப்பூரிலிருந்து கொச்சிக்கு மாற்றப்பட்டு, பிறகு கோவாவின் பேராயராக உயர்ந்து, 1629-இல் இறக்கும்வரை அங்கே இருந்திருக்கிறார். அப்படியானால் 1627-இல் அவர் கோவாவில் இருந்தார். அது உறைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருடைய சபையைச் சேர்ந்த துறவிகள் ஒரு ராணியின் கை எலும்பைக் கோவாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அதே 1627-இல்தான். இந்திய மண்ணில் தோண்டிய எலும்பின் டி.என்.ஏ.வை வைத்து ஒருவரை அடையாளம் காண முயன்ற கதைகளில் நான் நன்றாக அறிந்தது அந்தக் கைதான்.

ஜார்ஜியாவின் ககேதி நாட்டு ராணி கெத்தேவான். மகனுக்காகப் பாரசீகத்து ஷா அப்பாஸிடம் தூது போனவர், பிணைக்கைதியாகிப் பத்தாண்டுகள் ஷிராஸில் இருந்தார். மதம் மாற மறுத்ததால் 1624-இல் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அங்கிருந்த இரண்டு அகுஸ்தினார் துறவிகள் உடலை ரகசியமாகத் தோண்டி எடுத்தார்கள். ஒரு பகுதி கோவா வந்து, அவர்களுடைய மடத்துக் கோயிலில் கல்பெட்டிக்குள் வைக்கப்பட்டது. 1835-இல் மடம் மூடப்பட்டது. 1842-இல் கோயிலின் கூரை வளைவு இடிந்து விழுந்தது. பெட்டி இடிபாட்டுக்குள் போயிற்று.

அந்தப் பெட்டி எங்கே இருந்தது என்று சொன்னது காகிதம். சபை கூடும் அறைக்கோயிலில் இரண்டாவது சன்னல் என்று துறவிகளின் குறிப்பில் இருந்தது. ஆனால் நிற்பதோ மொட்டைக் கோபுரமும் செம்புறாங்கல் குவியலும். எது அறைக்கோயில், எது எத்தனையாவது சன்னல்? 1980களின் இறுதியிலிருந்து ஜார்ஜியாவிலிருந்து ஆட்கள் வந்து தேடினார்கள். இந்தியத் தொல்லியல் துறை மண்ணை அள்ளி அடித்தளத்தை வரைந்து வரைந்து, 2004-இல் அந்தச் சன்னலருகே ஒரு கை எலும்புத் துண்டை எடுத்தது.

அடுத்து ஹைதராபாத். உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ், நீரஜ் ராய் முதலியோர் அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பிரித்தார்கள். உயிரணுவின் கருவில் இருக்கும் டி.என்.ஏ. ஓர் உயிரணுவுக்கு இரண்டு பிரதிதான். மைட்டோகாண்ட்ரியாவினுடையதோ ஓர் உயிரணுவுக்குள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். சூடும் ஈரமும் தின்று தீர்த்த எலும்பிலும் மிச்சம் மீதி கிடைப்பது அதனால்தான். நீளம் சுமார் 16,569 எழுத்து. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும்.

கிடைத்த தாய்வழிக் கிளை யு1பி. ஒப்பிட்டுப் பார்த்த 22,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களில் ஒருவரிடமும் அது இல்லை. ஜார்ஜியர்கள் 30 பேரில் இருவரிடம் இருந்தது. ஆய்வுக்கட்டுரை 2014-இல் வந்தது. அது ராணியின் எலும்பேதான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. இருக்கக்கூடும் என்றுதான் எழுதினார்கள். அந்தச் சொல்லுக்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒப்பிட ராணியின் தாய்வழி உறவு யாரும் கையில் இல்லை. அந்த எலும்பு காகசஸ் பக்கத்துத் தாய்வழியைச் சேர்ந்தது என்பதுதான் டி.என்.ஏ. சொன்னது, ராணி என்ற பெயரைச் சன்னல்தான் சேர்த்தது. 2021 ஜூலையில் அதில் ஒரு பகுதியை வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் திபிலிசிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டுக்கு அப்படி ஒரு தாய்வழி உறவும் கிடைத்தது. 2012-இல் லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூடு அது. ரிச்சர்டின் அக்காள் ஆனிடமிருந்து மகள், மகளின் மகள் என்று ஆவணம் ஆவணமாக இறங்கி, லண்டனில் மரவேலை செய்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்தார்கள். தாய்வழி பொருந்தியது. தந்தைவழிக்காகச் சோதித்த ஐந்து ஆண்களின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. ஏட்டில் தகப்பன் என்று எழுதியிருந்தவர் நடுவில் எங்கோ தகப்பன் இல்லை.

இதைப் படித்த இரவுதான் பெரியம்மாவின் கேள்வியில் இருந்த சிக்கல் எனக்கு உறைத்தது.

கப்பலில் வந்தவன் ஆண். மயிலாப்பூரில் 1520களிலிருந்து குடியேறிய போர்ச்சுகீசியர்களில் பெரும்பாலோர் ஆண்கள். குடும்பம் வைத்துக்கொண்டது இந்த மண்ணின் பெண்களோடு. அப்பாவழி முப்பாட்டன் என்ற கதை முழு உண்மையாகவே இருந்தாலும், பல்லில் இருக்கும் தாய்வழி டி.என்.ஏ.வில் அவன் வரமாட்டான். அது அந்தப் பாட்டியின் தாய், தாயின் தாய் என்று வேறு பக்கம் போகிற வழி. ஒய் குரோமோசோமில் தேடவும் முடியாது, பல் ஒரு பெண்ணுடையது. மிச்சமிருப்பது கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. அதில் அவனுடைய பங்கு பெரியம்மாவிடம் சராசரியாக 32-இல் ஒன்று. ஆற்று முகத்து ஈர மண்ணில் பல வருஷம் கிடந்த பல்லில் அது துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் எடுத்த எலும்புகளோடு நம் ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டுவதும் இந்தச் சூட்டோடும் ஈரத்தோடும்தான். சைபீரியப் பனியில் உறைந்த எலும்புக்கு வாய்த்தது நம் எலும்புகளுக்கு வாய்க்கவில்லை.

அந்த 32-இல் ஒன்றைத் தேட வேண்டுமென்றாலும் பெரியம்மாவின் எச்சிலே போதும். தி.நகரில் இருக்கும் சித்தப்பா மகன் ஆசைக்கு அப்படி ஒரு சோதனை செய்துகொண்டவன். விழுக்காடுகளோடு வண்ண வரைபடம் வந்தது. நிறுவனம் யாரோடு ஒப்பிடுகிறதோ அதைப் பொறுத்து எண் மாறும் என்பதை அவனுக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் போயிற்று.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்காமல் சொன்னேன், அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“பறங்கியை இது காட்டாதுன்னு சொல்ற.”

“காட்டாது பெரியம்மா. இதுல இருக்கறது உங்க பாட்டியோட அம்மா வழி. அது உங்க அம்மாகிட்ட இருந்துச்சு. இப்ப உங்ககிட்ட இருக்கு. எங்கம்மாகிட்ட இருந்துச்சு, எங்கிட்டயும் இருக்கு. கன்னத்துக்கு உள்ளே பஞ்சால ஒரு தடவை தேச்சாலே வந்துடும்.”

பெரியம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

“அப்ப இதை ஒடைக்க வேணாம்ல?”

சோதனைக்குப் பல்லின் வேரைத் துளைத்துப் பொடியாக்குவார்கள் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். எட்டு மாதமும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“வேண்டாம்.”

பிறகு நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பதிவேட்டில் இல்லாத வழியைக் கேட்டேன். அவருடைய அம்மா பெயர், பாட்டி பெயர், எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். பாட்டியின் அம்மா வேப்பேரிப் பக்கத்துப் பெண் என்பதும், வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது என்பதும் அன்றுதான் வெளியே வந்தது. அதற்கு மேலே பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. “தெரிஞ்ச வரைக்கும் எழுதிக்கோ” என்றார்.

பெண்களின் பெயரை மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன். என் பெயரையும் எழுதினேன். ஆண் என்பதால் அந்த வழி என் பிள்ளைகளுக்குப் போகாது. எனக்குக் கீழே கோடு இழுக்கவில்லை. பக்கத்தில் தங்கையின் பெயர், அவளுக்குக் கீழே அவள் மகள்.

நவம்பர் 2 அன்று பெரியம்மா சம்புடத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். குழியின் தலைமாட்டில் கையளவு மண்ணை நான் தோண்டினேன். பஞ்சோடு பல்லை அவர்தான் வைத்தார்.