யுகாவாவுக்கும் பவலுக்கும் நடுவில்

புதுச்சேரிக் கல்லூரிகளில் முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவிகள் அணுக்கரு இயற்பியலின் அடிப்படைகளுக்கு வரும்போது மெசான் என்ற துகளைச் சந்திக்கிறார்கள். கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சிதறாமல் சேர்ந்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு 1935இல் யுகாவா முன்வைத்த விடை அது. 1947இல் பவலின் குழு அதைக் கண்டறிந்தது. 1950இல் பவலுக்கு நோபல் பரிசு. இந்த இரண்டு பெயர்களோடு பாடம் நகர்ந்துவிடும். நடுவில் ஒரு பெண் இருந்தார்.

பிபா சௌதுரி 1913இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1936இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை முடித்த ஒரே பெண். மேகநாத் சாகா அங்கே அணுக்கரு இயற்பியலை முதுகலைப் பாடத்தில் சேர்த்தது 1940இல்தான். தனக்குப் பாடமாக வாய்க்காத துறையில் பிபா ஆய்வாளராக நுழைந்தார்.

அவரும் டி. எம். போஸும் ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங், சந்தக்ஃபூ மலைகளில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் அவற்றில் நுண்ணிய தடங்களாகப் பதிந்தன. தடத்தின் புள்ளிகள் எவ்வளவு நெருக்கம், பாதை எவ்வளவு விலகுகிறது என்று நுண்ணோக்கியில் அளந்து, துகளின் நிறை எலக்ட்ரானைப் போலச் சுமார் 200 மடங்கு எனக் கணக்கிட்டார்கள். முடிவுகள் 'நேச்சர்' இதழில் வெளியாயின.

துல்லியமாகச் சொல்ல மேலான தகடுகள் தேவைப்பட்டன. உலகப் போரில் அவை கிடைக்கவில்லை. போருக்குப் பின் மேம்பட்ட தகடுகளைக் கொண்டு பவலின் குழு இருவகை மெசான்களைப் பிரித்துக் காட்டியது. போஸ், சௌதுரி இருவரின் முறையை 1959இல் பவல் குழுவினரின் நூலே குறிப்பிடுகிறது. தகடு கிடைக்காததற்குப் போரைக் காரணம் சொல்லலாம். நம் பாடநூலில் பெயர் இல்லாததற்குப் போரைச் சொல்ல முடியாது.

பிபா மான்செஸ்டரில் பிளாக்கெட்டிடம் முனைவர் பட்டம் பெற்றார். 1949இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் அவர். பிறகு, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்த ஆய்வுகளிலும் பங்கேற்றார். 1991இல் மறைந்தார். 2018இல் அவரைப் பற்றி ஒரு நூல் வந்தது. 2019இல் ஒரு விண்மீனுக்கு 'பிபா' என்று பெயர் சூட்டினார்கள்.

1950 ஜனவரியில் கல்கத்தாவின் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தைத் திறந்துவைத்தவர் ஐரீன் ஜோலியோ-கியூரி. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கியூரி என்ற பெயர் இன்று இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மேரி கியூரியைக்கூட 1911இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் உறுப்பினராக ஏற்கவில்லை. ஒரு கியூரியை விதிவிலக்காகக் கொண்டாடுவது எளிது. அது பாடத்திட்டத்தை எதுவும் கேட்பதில்லை. பிபாவின் பெயர் கேட்கிறது: இன்னும் எத்தனை பேரை விட்டுவிட்டீர்கள்?

அடுத்த முறை வகுப்பில் மெசான் வரும்போது, யுகாவாவுக்கும் பவலுக்கும் நடுவே அந்தப் பெயரை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செமினார் எடுக்கும் முறை வந்தால் பலகையிலும் எழுதுங்கள்.