வேளாவை எட்டாத சட்டம்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. அந்தக் கடலில் ஓடியவர்கள் வாசிக்கக்கூடிய மொழியில், அவர்கள் வந்துபோகும் வழியில், மன்னன் சட்டத்தைக் கல்லில் வெட்டி வைத்தான்.

அந்த ஆணை கப்பலோடும் சரக்கோடும் நின்றது. கடலுக்குள் வாழும் உயிர்கள் மீது அரசுகள் கை வைத்தது வருமானத்துக்காக. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் முத்தையும் சங்கையும் குத்தகைக்கு விட்டுக் காசாக்கினார்கள். சங்குக்கென்று 1890இல் தனிச் சட்டமே வந்தது. சுறாவை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அது நயினாதீவு போன்ற யாழ்ப்பாணத்துத் தீவுகளின், அதாவது தீவகத்தின், அன்றாடச் சாப்பாடு.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று நம்பிப் பால்சுறா வாங்காத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. துண்டை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, மணல்போல் சொரசொரக்கும் தோலை உரித்து, சதையைக் கையால் உதிர்த்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு வறுத்தெடுத்தால் சுறா வறை. மிஞ்சியது கருவாடு. செட்டை தனியாகக் காய்ந்து வியாபாரியிடம் போகும். அங்கிருந்து கொழும்பு, பிறகு சிங்கப்பூர், ஹொங்கொங், கடைசியில் சீன விருந்துகளின் சூப்புக் கோப்பை.

இந்தக் கடலின் பழைய பெருமகன் வேளா. மூக்கு நீண்டு, இரு பக்கமும் பல் வைத்த வாள்போல் நிற்கும். பெயரளவில் வேளாச்சுறா என்றாலும் உடலமைப்பில் திருக்கைக்கு உறவு. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். கொம்பென்று சொல்லத்தக்க உறுப்பு வேளாவுக்குத்தான் உண்டு. ஆழமில்லாத, சேறும் மணலும் கலந்த, கடற்புல் வளர்ந்த இடம் அதற்கு வேண்டும். பாக்கு நீரிணையின் தீவகப் பக்கம் அப்படிப்பட்ட கடல்தான். வாளால் மீன் கூட்டத்தை வெட்டியும் சேற்றைக் கிளறியும் இரை தேடும் உயிர் அது. அந்த வாளே அதற்கு எமனாகவும் ஆனது. வலைக் கண்ணில் ஒரு பல் மாட்டினால் போதும். தலையை உதற உதற மற்றப் பற்களும் சுற்றிக்கொள்ளும். விடுவிக்க வேண்டுமானால் வலையை வெட்ட வேண்டும். வலைக்கு நட்டம் வராமல் வேளாவை உயிரோடு விட வழியில்லை.

பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் பெரிய வேளா வலையைக் கிழித்துக்கொண்டு போய்விடும் வாய்ப்பாவது இருந்தது. நைலோன் வந்தபின் அதுவும் போயிற்று. 1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகுகள் பரவின. அதையடுத்து இழுவைப் படகுகள் பாக்கு நீரிணையின் அடித்தரையையே வழித்தன. செட்டையின் விலையும் ஏறிக்கொண்டே போனது.

இலங்கையில் சுறாவுக்கான சட்டம் இவ்வளவுக்கும் பிறகுதான் வந்தது. 1996இன் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் அடித்தளம். 2001இல், செட்டையை வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறிவதைத் தடுக்க, செட்டை உடலோடு ஒட்டியபடியே சுறாவைக் கரைசேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. 2012இல் சாட்டை போன்ற நீண்ட வாலுடைய திரெஷர் சுறாவின் மூன்று இனங்களையும் பிடிப்பது தடைசெய்யப்பட்டது. அவற்றில் ஓரினம் ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டே குட்டிதான் ஈனும்; பிடித்துக்கொண்டே போனால் ஈடுகட்ட முடியாது. 2015இல் வெள்ளைமுனைச் செட்டை கொண்ட பெருங்கடல் சுறாவும் திமிங்கிலச் சுறாவும் சேர்ந்தன.

2012, 2015 தடைகளுக்குப் பின்னால் இந்து சமுத்திர சூரை ஆணைக்குழுவின் தீர்மானங்கள் இருந்தன. திரெஷர் சுறா பற்றிய தீர்மானம் 2010இலும் மற்ற இரண்டும் 2013இலும் வந்தவை. அந்த ஆணைக்குழுவின் விதிகளை இலங்கை சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்பதும் ஒரு காரணமாக, 2015 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன் இறக்குமதியைத் தடுத்தது. 2016இல்தான் தடை நீங்கியது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் அது நீர்கொழும்பு, பேருவளைப் பக்கத்துப் பலநாட்கலங்களையும் ஆழ்கடல் தூண்டிலையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. பாதுகாக்கப்பட்ட ஐந்து இனங்களும் பெரும்பாலும் பெருங்கடலில் திரிபவை. 2012 பட்டியலிலும் 2015 பட்டியலிலும் வேளா இல்லை. கிட்டார் வடிவ உழுவையும் இல்லை.

தீவகத்தின் சோகம் இங்கே இரட்டிப்பாகிறது. போர்க்காலத்தில் கடற்படைத் தடைகளாலும் இடப்பெயர்வாலும் தீவக மக்கள் பல வருடங்கள் தங்கள் கடலுக்கே போக முடியாமல் கிடந்தார்கள். திரும்பி வந்தபோது எல்லை தாண்டி வந்த இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போயின. அடித்தரை இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடுத்தது. எல்லை தாண்டும் படகுகள் இன்னும் ஓயவில்லை. 2021இல் வெளிவந்த ஆய்வொன்றுக்காக இலங்கைக் கரையெங்கும் மீனவர்களிடம் வேளாவைப் பற்றிக் கேட்டார்கள். அடையாளம் சொன்னவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். இளையவர் பலர் அதைக் கண்டதே இல்லை.

அக்கரையில் வேறு கதை. 2001 ஜூலையில் இந்தியா எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் ஒரேயடியாக வனவிலங்குச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மீனவர் கொதித்தெழ, அந்த டிசம்பரிலேயே பட்டியல் ஒரு சில இனங்களாகச் சுருங்கியது. அந்தச் சிறு பட்டியலில் வேளா நிலைத்தது. குஜராத்திலோ, திமிங்கிலச் சுறாவை விடுவிக்க வலையை வெட்டும் மீனவருக்கு அரசு நட்டஈடு கொடுத்தது. நூற்றுக்கணக்கான சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பின. வறுமையில் இருப்பவனிடம் அவன் வலையின் விலையையும் சேர்த்துத் தியாகம் கேட்கக் கூடாது என்பதை அங்கே புரிந்துகொண்டார்கள்.

தீவகத்துக்கு வேண்டியதும் அதுதான். வேளாவும் உழுவையும் எவை, குட்டி சிக்கினால் எப்படி விடுவது, வெட்டிய வலைக்கு யாரிடம் பணம் கேட்பது என்பதெல்லாம் குறிகட்டுவானிலும் நெடுந்தீவு மாவிலித்துறையிலும் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலும் தமிழில், படத்தோடு எழுதி வைக்கப்பட வேண்டும். கடற்புல் திடல்களில் எந்தப் பருவத்தில் எந்த வலை வேண்டாம் என்று தீர்மானிக்கும் மேசையில் கடற்றொழிலாளர் சங்கங்கள் முதலில் உட்கார வேண்டும். வேளாவைக் கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தத் திடலில், எந்த மாதத்தில் கண்டார்கள் என்று அவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.