அட்டையில் யார் பெயர்? லூபோக் சீனா வட்டாரமும் தமிழர் பற்றிய ஆய்வெழுத்தும்

மலாக்கா மாநிலத்தின் வடமேற்கில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி, லிங்கி ஆற்றுக்கு அருகில் இருக்கும் சிற்றூர் லூபோக் சீனா. அலோர்காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. மஸ்ஜிட் தானாவுக்கும் ரெம்பாவுக்கும் போகிறவர்கள் கடந்து செல்லும் ஊர் என்றுதான் பலருக்கும் இதைத் தெரியும். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், பிறகு செம்பனை. இங்கே பல்கலைக்கழகம் இல்லை, ஆய்வு நூலகமும் இல்லை. ஆனால் இந்த மண்ணைப் பற்றியும் இதில் உழைத்தவர்களைப் பற்றியும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நூல்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் யார், எந்தத் துறையில் நின்று எழுதினார்கள், எழுதப்பட்டவர்களுக்கு அந்த எழுத்து திரும்பிக் கிடைத்ததா என்பதைக் காலவரிசையில் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

படை வந்த வழியில் வந்த நூல்கள்

லூபோக் சீனாவைச் சுற்றிய நிலப்பகுதி அறிவுலக ஏட்டில் ஏறியதற்குக் காரணம் ஒரு வரிச் சண்டை. அலோர்காஜா வட்டாரத்துச் சிற்றரசான நானிங்கின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கேட்டது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. நானிங் தலைவர் டோல் சாயிட் மறுத்தார். 1831இல் மலாக்காவிலிருந்து கிளம்பிய படை தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டு பெரும்படை சென்று டோல் சாயிட்டின் இருப்பிடமான தாபோ நானிங்கைப் பிடித்தது. இரண்டு முறையும் போனவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணப் படையினர். பத்தில் ஒரு பங்கு வரிக்காக இத்தனை செலவா என்று அக்காலத்திலேயே கேள்வி எழுந்தது. கம்பெனிக்கு அந்தப் போரால் மிஞ்சியது நஷ்டம்தான்.

அறிவுலகத்துக்கு இரண்டு நூல்கள் மிஞ்சின. சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த பி. ஜே. பெக்பி எழுதிய மலாயத் தீபகற்பம் பற்றிய நூல் 1834இல் வெளிவந்தது. அது அச்சானது சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில். அலோர்காஜா வட்டாரத்தின் போரை விரிவாகச் சொன்ன முதல் நூல்களில் ஒன்று தமிழ்நாட்டு அச்சகத்தில் உருவானது என்பதை மலேசியத் தமிழ் வரலாற்றாசிரியர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். சென்னைத் தரைப்படை அதிகாரி டி. ஜே. நியூபோல்டு அடுத்தவர். 1832இல் மலாக்கா வந்த அவர் லிங்கித் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். உள்நாட்டுத் தலைவர்களுடன் நெருங்கிப் பழகியவர். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களைப் பற்றிய அவருடைய இரண்டு தொகுதிகள் 1839இல் லண்டனில் வெளிவந்தன. லிங்கி, ரெம்பாவ், சுங்கை ஊஜோங் பற்றி இன்று எழுதுகிறவர்களும் நியூபோல்டைத் தொடாமல் நகர முடியாது.

இந்த நூல்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. மலாய்த் தலைவர்களுக்குப் பெயர் உண்டு. சுமை தூக்கியவனுக்கும் காட்டு வழியில் மாண்ட சிப்பாய்க்கும் எண்ணிக்கை மட்டும்தான். இந்த வட்டாரத்தின் ஆய்வெழுத்து தொடங்கியபோதே அதில் ஒரு படிநிலை இருந்தது. பின்னாளில் வந்த பல்கலைக்கழகத் துறைகள் அதை முழுவதும் மாற்றிவிடவில்லை என்பதே என் வாதம்.

அதே காலத்தில் அதே மலாக்காவில் இன்னொருவர் இருந்தார். 1796இல் பிறந்த அப்துல்லா பின் அப்துல் காதிர், முன்ஷி அப்துல்லா. பாட்டன் வழியில் அரபு இரத்தம். நாகூரில் பெண்ணெடுத்த குடும்பம். மலாக்காவில் கணக்கு வழக்கும் வியாபாரப் பேச்சும் தமிழில் நடந்த காலம் அது. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள், தானும் அப்படித்தான் படித்தேன் என்று தம் வரலாற்றில் அவரே சொல்கிறார். மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்றுக்கொடுத்ததால் அவருக்கு ‘முன்ஷி’ என்ற பட்டம் வந்தது. ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸிடம் எழுத்தராக இருந்தார். 1818இல் மலாக்காவில் மிஷனரிகள் நிறுவிய ஆங்கில-சீனக் கல்லூரி வட்டாரத்தில் மொழி ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை செய்தார். 1849இல் அச்சான ‘ஹிகாயத் அப்துல்லா’வில் நானிங் போரும் வருகிறது.

பெக்பியும் நியூபோல்டும் தகவல் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியவர்கள். அப்துல்லா தகவல் சொல்லும் இடத்தில் இருந்து தொடங்கி நூலாசிரியராக எழுந்தவர். மலாய் இலக்கியம் அவரை நவீன உரைநடையின் முன்னோடியாகக் கொண்டாடுகிறது. தமிழ்ப் பக்கத்தில் அவரைச் சொந்தம் கொண்டாடுவதோடு சரி. அவருடைய தமிழ்க் கல்வி எப்படி நடந்தது, எந்தத் திண்ணையில், எந்தக் கணக்கு முறையில் என்பதைத் துருவிப் பார்க்கும் முயற்சி போதவில்லை.

தோட்டம் ஆய்வுக்களமாகிறது

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன் பின் நடந்தது தெரிந்த கதை: 1907இல் குடிநுழைவு நிதி, கங்காணி எனும் மேற்பார்வையாளர் வழியாக ஆள் சேர்ப்பு, 1938இல் உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்தியது. தோட்டப் பள்ளிகள் தொழிலாளர் சட்டங்களின் கட்டாயத்தால் வந்தவை. தோட்ட எழுத்தரான கிராணியோ கங்காணியோ பாடம் சொல்லிக்கொடுத்த கொட்டகைகள் பல.

பல்கலைக்கழக ஆய்வு தோட்டத்துக்குள் நுழைந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்புதான். 1960களில் பல துறைகள் ஒரே நேரத்தில் தோட்டத் தமிழர் மேல் பார்வையைத் திருப்பின. நார்மன் பார்மரின் ரப்பர்த் தொழிலாளர் கொள்கை வரலாறு 1960இல் வந்தது. அவருக்குச் சான்று அரசாங்கக் கோப்பு. சார்ல்ஸ் கம்பா 1962இல் தொழிற்சங்கத் தோற்றத்தை எழுதினார். கெர்னியல் சிங் சாந்துவின் நூல் 1969இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. 1786 முதல் 1957 வரையிலான இந்தியக் குடியேற்றத்தை எண்களாலும் வரைபடங்களாலும் விளக்கியது. அவர் புவியியலாளர். ஊர், கப்பல், துறைமுகம், மாவட்டம் என்று அவர் போட்ட கோடுகளின் மேல்தான் பின்வந்த எல்லோரும் நடந்தார்கள். மலாக்காவைப் பற்றி அவரும் பால் வீட்லியும் பதிப்பித்த இரு பெருந்தொகுதிகள் 1983இல் வந்தன. மலாய் பேசும் தமிழ் வழிவந்தவர்களான மலாக்காச் செட்டிகளைப் பற்றிய கட்டுரை அவற்றில் உண்டு.

மானுடவியலில் ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்டப்புற ஆய்வு வேறு வகை. அவர் தோட்டத்திலேயே தங்கிக் கவனித்தவர். லயம் எனும் வரிசை வீடுகள், பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு, கோயில் திருவிழா, திருமண உறவு, துரைக்கும் தொழிலாளிக்கும் இடைப்பட்ட தூரம் எல்லாம் அதில் பதிவாகின. தோட்டத்துக்குப் புனைபெயர் கொடுத்து ஆட்களின் அடையாளத்தையும் மறைத்தார். மானுடவியல் ஒழுக்கப்படி அது சரியான செயல். அதே சமயம் அந்தத் தோட்டத்தில் பிறந்தவரின் பேரப்பிள்ளை இன்று நூலகத்தில் தேடினால் தன் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. துறையின் நன்னெறியே ஆவணத்தின் கதவையும் சாத்திவிடுகிறது. வரலாற்றாசிரியருக்கு இந்தத் தடை இல்லை. அவருக்குப் பெயரும் நாளும் வேண்டும்.

அந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், 1961 முதல் பத்தாண்டுக்கு மேல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். டச்சு ஆவணங்களில் ஊறியவர். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய அவருடைய நூல் 1970இல் வந்தது. அளவில் சிறியது, ஆனால் வகுப்பறையில் வைத்துப் பாடம் நடத்தத் தக்க முதல் முழுமையான வரலாறு அதுதான். பின்னாளில் கல்வியியலிலிருந்து தி. மாரிமுத்து தோட்டப் பள்ளியை ஆராய்ந்தார். தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே திருப்பி அனுப்பும் அமைப்பு அது என்று அவர் வைத்த வாதம், இந்தத் துறைகள் எழுதிய எதையும்விடத் தோட்டத்து மக்களின் அனுபவத்துக்கு அருகில் வந்தது.

தமிழ் ஒரு பல்கலைக்கழகப் பாடமானது

சிங்கப்பூரில் 1949இல் உருவான மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை எந்த மொழியின் மேல் நிற்க வேண்டும் என்ற கேள்வி 1950களில் எழுந்தது. ஆலோசனை கூற அழைக்கப்பட்ட கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தின் பக்கம் சாய்ந்தார். சோழர் வரலாற்றை எழுதிய கை அது என்பதால் அடி இன்னும் பலமாக விழுந்தது. ‘தமிழ் முரசு’ நாளிதழின் கோ. சாரங்கபாணி எதிர்ப்பைத் திரட்டி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியையும் திரட்டினார். கூலிக்காரரும் கடைக்காரரும் கொடுத்த காசு பல்கலைக்கழகத் தமிழ் நூல்களுக்குப் போனது. இந்திய ஆய்வியல் துறை 1956இல் தமிழை மையமாக வைத்துத் தொடங்கியது. பிறகு கோலாலம்பூருக்கு இடம் மாறியது.

1961இல் தமிழறிஞர் தனிநாயக அடிகள் அத்துறைக்கு வந்து சேர்ந்தார். அவர் இருந்த எட்டு ஆண்டுகளில் துறை உலகளவில் தெரிந்தது. 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியதும், 1966 ஏப்ரலில் முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் இந்த நகர்வின் பகுதி. அதே ஆண்டு தமிழியல் நூல்களுக்கான அவருடைய வழிகாட்டிப் பட்டியல் வந்தது. அதே துறையின் இராம சுப்பையா இரண்டு வேலைகள் செய்தார்: கீழ்ப் பேராக் தமிழ் வட்டார வழக்குகளின் சொல்லாய்வு (1966), மலேசியாவில் வெளியான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் (1969). என் மதிப்பீட்டில் மாநாட்டைவிட இந்தப் பட்டியல் நீடித்த பயன் தந்தது. மாநாடு பேசியது உலகளாவிய தமிழியலை. பட்டியல் பதிந்தது இந்நாட்டில் எழுதியவர்களின் பெயர்களை.

அந்தப் பெயர்களில் பலர் பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்கள். 1950இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் நடத்திய கதை வகுப்பில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகை வழியாகவே எழுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பாடம் வரும், பயிற்சி எழுதி அனுப்ப வேண்டும், திருத்தம் அச்சாகும். தோட்டப் பள்ளி ஆசிரியர்கள், கிராணிகள், கடை ஊழியர்கள் படித்தார்கள். மலேசியத் தமிழ் எழுத்தின் ஒரு தலைமுறை இப்படித் தயாரானது. இதை உயர்கல்வி வரலாற்றில் சேர்க்க மாட்டார்கள். சேர்க்காவிட்டால் 1950களில் தமிழர் யாரிடம் எழுதக் கற்றார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

அலமாரியில் இருக்கும் ஆசிரியர்கள்

1970களிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கினார்கள். பட்டத்துக்காக எழுத வேண்டிய ‘லாத்திஹான் இல்மியா’ என்ற ஆய்வேட்டுக்குப் பலர் தாங்கள் வளர்ந்த தோட்டத்தையே களமாக எடுத்துக்கொண்டார்கள். பேட்டி எடுக்க அனுமதி தேவைப்படவில்லை. பெரியம்மாவிடமும் பக்கத்து லயத்துத் தாத்தாவிடமும்தான் பேசினார்கள். வரலாறு, சமூகவியல், பொருளியல், கல்வியியல் எல்லாத் துறைகளிலும் இத்தகைய ஏடுகள் உண்டு. எழுதப்பட்டவரும் எழுதியவரும் ஒரே வீட்டுக்காரர் ஆனது அப்போதுதான்.

ஆனால் மொழி மாறியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, புகுமுக வகுப்பில் ஓராண்டு, அதற்குப் பிறகு இடைநிலைப்பள்ளி முழுவதும் மலாய். பல்கலைக்கழகங்களும் 1980களின் முற்பகுதிக்குள் மலாய்க்கு மாறிவிட்டன. இந்திய ஆய்வியல் துறைக்கு வெளியே எழுதியவர் மலாயில் எழுதினார், அல்லது ஆங்கிலத்தில். பாட்டி தமிழில் சொன்னதை மலாயில் பெயர்த்து, ஆங்கிலக் கோட்பாட்டில் பொருத்திக் கட்டினார்கள். பாட்டியின் வாசகம் அந்த ஏட்டில் இல்லை. தேர்வு முடிந்ததும் அட்டை கட்டிய பிரதி நூலகத்தில் நின்றது; தோட்டத்துக்குப் பெரும்பாலும் அது திரும்பவில்லை.

இன்று தமிழைப் பட்டமாகப் படிக்க மலாயாப் பல்கலைக்கழகமும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ‘தமிழ்ப் பேராய்வு’ போன்ற ஆய்விதழ் தமிழ்க் கட்டுரைகளை வெளியிடுகிறது. ஆனால் ஆய்வாளரின் பதவி உயர்வுக்கு உலகக் குறியீட்டுப் பட்டியலில் உள்ள ஆங்கில இதழ்களே கனம் சேர்க்கின்றன. மொழியியலாளர் மலாக்காச் செட்டி மலாயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பெண். தோட்டத்து வாய்மொழியைத் தமிழில் தொகுத்தால் பாராட்டு மட்டும். எந்த இளம் விரிவுரையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

அலோர்காஜா மாவட்டத்திலேயே இரண்டு அரசுப் பல்கலைக்கழக வளாகங்கள் உண்டு. டுரியான் துங்கலில் மலாக்காத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்; அங்கே பொறியியல்தான் முதன்மை, தமிழ்த் துறை இல்லை. லெண்டுவில் மாரா பல்கலைக்கழகம், அது பூமிபுத்ராக்களுக்கானது. லூபோக் சீனாத் தமிழ்ப் பிள்ளை தன் வட்டாரத்தைத் தமிழில் ஆராய வேண்டுமானால் கோலாலம்பூருக்கோ பேராக்குக்கோ போக வேண்டும். போகும்போது ஊர் பின்னால் காலியாகிறது. தோட்டங்கள் கைமாறின, பால் வெட்டிய ரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனைக்கு அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தார்கள், பிள்ளைகள் இல்லாத பள்ளிகள் மூடப்பட்டன அல்லது பட்டணத்துக்கு மாற்றப்பட்டன.

பள்ளி மாறும்போது பதிவேடு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், பிறந்த நாள் எல்லாம் இருக்கும். நியூபோல்டு எண்ணிக்கையாகக் குறித்தவர்களைப் போன்ற எளியவர்களுக்குப் பெயர் கிடைக்கும் இடம் அதுதான். லூபோக் சீனா, மஸ்ஜிட் தானா, அலோர்காஜா பக்கத்துத் தலைமையாசிரியர்களும் கோயில் நிர்வாகத்தினரும் பழைய பதிவேடு, நிர்வாகக் குறிப்பு, பள்ளி மலர் எது கையில் இருந்தாலும் படமெடுத்து ஒரு பிரதியை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குக் கொடுங்கள். 1970களிலும் 1980களிலும் தங்கள் தோட்டத்தைப் பற்றி ஏடெழுதிப் பட்டம் வாங்கியவர்கள், இப்போது ஓய்வில் இருப்பவர்கள், அதைத் தமிழில் ஒருமுறை எழுதுங்கள். அட்டையில் உங்கள் பெயரையும், உள்ளே உங்களுக்குச் சொன்னவர்களின் சம்மதம் பெற்று அவர்கள் பெயரையும் போடுங்கள்.