ஹார்வர்டு களைப்பு ஆய்வகம்

ஹார்வர்டு களைப்பு ஆய்வகம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை இயங்கிய உடலியல் ஆய்வகம். உழைக்கும்போதும் ஓடும்போதும், கடும் வெயிலிலும் குளிரிலும், காற்று மெலிந்த மலைகளிலும் மனித உடல் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதே இதன் ஆய்வுப்பொருள். ஓட்டக்காரரை டிரெட்மில்லில் ஏற்றி அவர் விடும் மூச்சைப் பிடித்து அளப்பது, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி இறங்குவதைக் கணக்கிடுவது, உழைப்பு நின்றபின் நாடி அடங்கும் வேகத்தைக் கொண்டு உடல் தகுதியை மதிப்பிடுவது என்று இன்றைய விளையாட்டு மருத்துவத் துறைகள் கையாளும் முறைகள் பலவும் இங்கே செம்மை பெற்றவை. இத்தனைக்கும் இது மருத்துவக் கல்லூரியில் இல்லை. பல்கலைக்கழகத்தின் வணிகவியல் கல்லூரியில், மார்கன் ஹால் கட்டடத்தின் நிலவறையில் இருந்தது.

ஹார்வர்டில் இத்துறைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1891இல் லாரன்ஸ் அறிவியல் பள்ளியில் உடற்கூறியல், உடலியல், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு துறை தொடங்கப்பட்டது. மருத்துவர் ஜார்ஜ் வெல்ஸ் ஃபிட்ஸ் அங்கே ஆய்வுக்கூடம் அமைத்துப் பட்டப்படிப்பும் நடத்தினார். அவர் 1899இல் விலகியபின் துறை நிலைக்கவில்லை. அமெரிக்காவின் முதல் உடற்பயிற்சி உடலியல் ஆய்வுக்கூடம் எது என்ற கேள்விக்குச் சிலர் ஃபிட்ஸின் கூடத்தையும், சிலர் களைப்பு ஆய்வகத்தையும், வேறு சிலர் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பீட்டர் கார்ப்போவிச் நடத்தியதையும் காட்டுவர். எதை ஆய்வுக்கூடம் எனக் கொள்வது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

ஆய்வகம் உருவாகக் காரணமானவர் உயிர்வேதியியலாளர் லாரன்ஸ் ஜோசப் ஹென்டர்சன் (1878-1942). இரத்தத்தின் அமிலகாரச் சமநிலையைக் கணக்கிடும் ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு இவர் பெயரையும் தாங்கியது. இரத்தத்தில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் அமிலமும் ஒன்றையொன்று எப்படி இழுத்துப் பிடிக்கின்றன என்பதை ஓய்ந்திருக்கும் மனிதனிடம் ஆராய்ந்த அவருக்கு, உழைக்கும் மனிதனிடம் அதே சமநிலை என்ன ஆகிறது என்பதே அடுத்த கேள்வியானது. உடலியலாளர் ஜோசப் பார்கிராஃப்டுடன் பெரு நாட்டின் செரோ டி பாஸ்கோ மலைக்குச் சென்று வந்திருந்த மருத்துவர் ஆர்லி பாக்கும், 1925இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த வேதியியலாளர் டேவிட் புரூஸ் டில்லும் அவருடன் சேர்ந்தனர். வணிகவியல் கல்லூரியின் தலைவர் வாலஸ் டோனம் இடம் தந்தார். ராக்ஃபெல்லர் அறக்கொடையிலிருந்து பணம் வந்தது. தொழிற்சாலை உழைப்பாளரின் மனநிலையை ஆராய்ந்த எல்டன் மேயோ அப்போது அதே கல்லூரியில் இருந்தார். தொழிலாளரின் சோர்வைக் குறைத்து உற்பத்தியைப் பெருக்குவதுதான் நோக்கம் என்று ஒரு சாராரும், ஹென்டர்சனின் இரத்த ஆய்வை விரிவாக்கத் தொழில்துறைப் பயன் ஒரு வாசலாக அமைந்தது என்று மற்றொரு சாராரும் எழுதியுள்ளனர். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. நாள்தோறும் ஆய்வகத்தை நடத்தியவர் டில் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

தொடக்க ஆண்டுகளில் இங்கு ஓடியவர்களில் புகழ்பெற்றவர் கிளாரன்ஸ் டிமார். அச்சகத் தொழிலாளியான இவர் 1911 முதல் 1930 வரை பாஸ்டன் மராத்தானில் ஏழு முறை வென்றவர். இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது, ஓடுவதை விட்டுவிடுங்கள் என்று இளமையில் மருத்துவர் சொல்லியும் விடாமல் ஓடியவர். மற்றவர்களுக்கு மூச்சிரைத்து இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும் வேகத்திலும் டிமாரின் இரத்தம் ஓய்வு நிலையை ஒட்டியே இருந்ததை ஆய்வகத்தார் கண்டனர். பயிற்சி என்பது தசையை மட்டும் வலுப்படுத்துவதில்லை, உடலின் உட்சூழலையே நிலைநிறுத்துகிறது என்ற ஹென்டர்சனின் கருத்துக்கு அவரே உயிருள்ள சான்றானார். டிமார் தமது 65ஆம் வயதிலும் பாஸ்டனில் ஓடினார். 1958இல் இறந்தபின் நடந்த உடற்கூறாய்வில் அவருடைய இதயத் தமனிகள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகன்றிருந்தன என்று 1961இல் பால் டட்லி ஒயிட்டும் உடன் ஆய்வாளரும் வெளியிட்டனர். அந்த அகலம் ஓடியதால் வந்ததா, பிறவியிலேயே அமைந்ததா என்பதை ஒரே ஒரு மனிதரைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

உழைப்பு நின்றபின்னும் உடல் சிறிது நேரம் கூடுதலாக ஆக்சிஜன் இழுப்பதை உடலியலாளர் ஏ. வி. ஹில் ஆக்சிஜன் கடன் என்றார். லாக்டிக் அமிலத்தை அகற்றவே அது செலவாகிறது என்று கருதப்பட்டது. 1933இல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரோடால்ஃபோ மார்கரியா, எட்வர்ட்ஸ், டில் மூவரும் இந்தக் கருத்தைத் திருத்தினர். கடனின் ஒரு பகுதி முதல் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கும் லாக்டிக் அமிலத்துக்கும் தொடர்பில்லை. மிதமான உழைப்பில் அந்த அமிலம் சேர்வதேயில்லை. இதே காலத்தில் நாய்களை டிரெட்மில்லில் ஓடவிட்டுச் செய்த ஆய்வில், சில மணி நேரத்தில் ஓய்ந்துவிழும் நாய் இடையிடையே சர்க்கரை கொடுத்தால் அதைவிட வெகுநேரம் ஓடுவது தெரிந்தது. களைப்பு என்பது ஒரே நஞ்சால் வரும் ஒரே நிலை அன்று. எரிபொருள் தீர்வது, உடல் சூடேறுவது, உப்பு குறைவது, ஆக்சிஜன் போதாமை என ஒவ்வொன்றும் தனித்தனிக் களைப்பு என்ற முடிவுக்கு ஆய்வகத்தார் இப்படிப் படிப்படியாக வந்தனர்.

நிலவறையில் கிடைக்காத சூழலைத் தேடி அவர்கள் வெளியே சென்றனர். 1929 கோடையில் கொலராடோவின் லெட்வில் நகரில், சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் தங்கினர். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோயைப் பின்னாளில், 1934இல், கண்டறிந்த நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் அந்த ஆய்வுக் கட்டுரையில் பங்குபெற்றவர்களில் ஒருவர். 1932இல் நெவாடா பாலைவனத்தில், இன்று ஹூவர் அணை எனப்படும் போல்டர் அணை எழும்பிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார்கள். முந்தைய கோடையில் அங்கே தொழிலாளர் பலர் வெப்பத்தால் இறந்திருந்தனர். வெயிலுக்குப் பழகப் பழக வியர்வையில் உப்பு குறைகிறது, பழகாத உடல் உப்பைக் கொட்டிவிடுகிறது, தண்ணீரை மட்டும் குடித்தால் தசைப்பிடிப்பு வருகிறது என்று காட்டினர். உணவுக்கூடத்தில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பின்கீழ், சாப்பாட்டில் உப்பும் நிறையப் போட்டுக்கொள்ளும்படி மற்றொரு வரி சேர்க்கப்பட்டதாகச் சொல்வர்.

ஆய்வகத்தின் செயல்களில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது 1935ஆம் ஆண்டுச் சிலி பயணம். டில் தலைமையில், ஹார்வர்டு, டியூக், சிகாகோ, கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழகங்களிலிருந்து பத்துப் பேர் சேர்ந்தனர். ஏற்பாடுகளைக் கவனித்தவர் ஆன்செல் கீஸ். பின்னாளில் உணவுக் கொழுப்புக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை ஏழு நாடுகளில் ஆராய்ந்தவர் இவரே. டென்மார்க்கிலிருந்து கிறிஸ்டென்சனும் கேம்பிரிட்ஜிலிருந்து பிரையன் மாத்யூஸும் வந்தனர். இரயில் பெட்டியை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, செப்புச் சுரங்க நகரான சுகிகமாட்டாவில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறினர். ஒயாகுவே நிலையம் சுமார் 3,660 மீட்டர். அடுத்த தங்குமிடம் சுமார் 4,700 மீட்டர். ஆவுகன்கில்சா மலையின் கந்தகச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கில்சா 5,340 மீட்டர். சிலர் அதற்கும் மேலே, 6,140 மீட்டர் உயரத்தில் கூடாரமடித்துத் தங்கினர். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் அங்கே அதில் பாதிக்கும் குறைவு.

ஆய்வாளர்களே ஆய்வுக்கு உடல் கொடுத்தனர் என்பதுதான் இந்தப் பயணத்தின் சிறப்பு. ஒருவர் மணிக்கட்டிலோ முழங்கையிலோ இன்னொருவர் ஊசியேற்றித் தமனி இரத்தம் எடுப்பார். எடுத்த கை நடுங்கும் குளிரில் அப்போதே அது பகுப்பாய்வுக்குப் போகும். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். கிறிஸ்டென்சன் மிதிவண்டி உழைப்புமானியில் ஒவ்வொரு நிலையத்திலும் தம்மையும் மற்றவர்களையும் சோதித்தார். உயரம் கூடக்கூட ஒருவர் எட்டக்கூடிய உச்ச நாடித்துடிப்பு குறைந்தது. ஆக்சிஜன் போதாத இடத்தில் லாக்டிக் அமிலம் கூடத்தான் வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் முற்றாகக் களைத்துப்போகும்வரை உழைத்தபோதும், உயரத்துக்குப் பழகிய உடலில் அது கடல்மட்டத்தைவிடக் குறைவாகவே சேர்ந்தது. எட்வர்ட்ஸ் 1936இல் வெளியிட்ட இந்த முரண்பாட்டுக்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டுள்ளன. எல்லாரும் ஏற்ற விளக்கம் என்று ஒன்றைச் சொல்வதற்கில்லை.

கில்சாவின் சுரங்கத் தொழிலாளர்கள் நாள்தோறும் காலையில் சுமார் 5,800 மீட்டர் வரை ஏறிப்போய்க் கந்தகம் வெட்டி, மாலையில் இறங்கிவந்து உறங்கினர். சுரங்கத்தை ஒட்டி மேலேயே ஒரு குடியிருப்பு கட்டித்தந்தபோது, அங்கே பசியெடுக்கவில்லை, உறக்கம் வரவில்லை என்று அவர்கள் அதை மறுத்துக் கீழேயே தங்கிக்கொண்டதாகக் கீஸ் எழுதினார். மனிதர் நிலையாக வாழக்கூடிய உயர எல்லை 5,340 மீட்டர் என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தது இந்தத் தொழிலாளரின் அனுபவத்தை நம்பித்தான். 1980களில் அதே மலைக்குச் சென்ற ஜான் வெஸ்ட் குழுவினர், சுரங்கத்தைக் காவல் காக்கும் சிலர் 5,950 மீட்டரில் தங்கியிருந்ததைக் கண்டனர். எனவே இந்த எல்லையை உறுதியானதாகக் கொள்வதற்கில்லை.

விளையாட்டு வீரர் பற்றிய ஆய்வுகளில் 1937இல் வெளியானது பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. நெடுந்தொலைவு ஓட்டக்காரர் டான் லாஷ் ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 81.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் பயன்படுத்தியதை அது பதிவு செய்தது. வெகுகாலம் உச்ச அளவாக அதுவே காட்டப்பட்டது. இதைச் செய்தவர்களில் ஒருவரான சிட் ராபின்சன் தாமே 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓடியவர். அவர் 1938இல் 6 வயதுச் சிறுவன் முதல் 91 வயதுக் கிழவர் வரை ஆண்களை டிரெட்மில்லில் சோதித்து, வயது ஏற ஏற உச்ச ஆக்சிஜன் பயன்பாடு எப்படிக் குறைகிறது என்று வரைந்து காட்டினார். பெண்களைப் பற்றிய ஆய்வு சொற்பம். எலினார் மெத்தினி 1942இல் வெளியிட்டது அவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1939இல் மிசிசிப்பியின் பெனாய்ட் ஊரில் விளைச்சலில் பங்குக்கு உழுத கறுப்பின, வெள்ளையின உழவர்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. உழவரின் உழைப்புத்திறனை மதித்த ஆய்வு என்று அதை முன்பு பாராட்டினர். அந்த உழவர்கள் எந்த நிலையில் வாழ்ந்தார்கள், மறுக்கும் உரிமை அவர்களுக்கு எந்த அளவு இருந்தது என்று அண்மை வரலாற்றாசிரியர்கள் கேட்கின்றனர்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஆய்வகம் முழுக்க இராணுவப் பணிக்குத் திரும்பியது. டில் 1941இல் விமானப்படை ஆய்வுக்குப் போனார். வில்லியம் ஃபோர்ப்ஸ் பொறுப்பேற்றார். குளிருடை, உறக்கப்பை, படையுணவு ஆகியவை சோதிக்கப்பட்டன. படைக்கு வரும் இளைஞரைக் கருவியில்லாமல் விரைவாகச் சோதிக்க ஒரு வழி தேவைப்பட்டது. டிரெட்மில் தேர்வு, முதுகில் சுமையேற்றும் தேர்வு ஆகியவற்றின் தொடர்ச்சியாக 1943இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் புரூஹாவும் உடனிருந்தவர்களும் வெளியிட்டதே ஹார்வர்டு படித் தேர்வு.

இதற்கு 20 அங்குல உயரப் பலகை ஒன்று போதும். நிமிடத்துக்கு 30 முறை என்ற தாளத்தில் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும், முடியாதபோது நிறுத்திவிடலாம். பிறகு உட்கார்ந்து, 1ஆம், 2ஆம், 3ஆம் நிமிடம் முடிந்ததும் தலா 30 விநாடி நாடி பார்க்க வேண்டும். ஏறி இறங்கிய விநாடிகளை நூறால் பெருக்கி, மூன்று நாடி எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையை இரட்டித்து அதனால் வகுத்தால் குறியெண் கிடைக்கும். ஒருவர் 300 விநாடியும் முடித்து, நாடி 80, 65, 55 என்று வந்தால் கூட்டு 200, குறியெண் 75. புரூஹாவின் அட்டவணைப்படி இது உயர் சராசரி. 90ஐத் தொட்டால் மிகச் சிறப்பு, 55க்குக் கீழ் என்றால் குறைவு. உயரம் குறைந்தவர்களுக்கு அந்தப் பலகை அதிக உயரம் என்ற குறை தொடக்கம் முதலே சொல்லப்பட்டது. இந்திய மருத்துவக் கல்லூரிகளின் முதலாண்டு உடலியல் செய்முறை வகுப்புகளில் பலகையின் உயரத்தைக் குறைத்து இத்தேர்வைச் செய்வது இதனால்தான். உடற்கல்வியியல் மாணவர்களுக்கும் இது பழக்கமான தேர்வு.

போர் முடிந்து 1947இல் ஆய்வகம் மூடப்பட்டது. ஹென்டர்சன் 1942இலேயே மறைந்துவிட்டதால் பல்கலைக்கழக நிர்வாகத்தில் அதற்காகப் பேச ஆளில்லை என்பர் சிலர். வணிகவியல் கல்லூரிக்கு உடலியலில் ஆர்வம் போய்விட்டது, மருத்துவக் கல்லூரியோ அதை ஏற்க முன்வரவில்லை என்பர் வேறு சிலர். பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் ஆதரவு தரவில்லை என்ற குற்றச்சாட்டும் உண்டு. இருபது ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தந்த ஓர் ஆய்வகத்தை இப்படி விட்டுவிட்டது பல்கலைக்கழகத்துக்குப் பேரிழப்பு என்பதில் உடலியலாளரிடையே பெரும்பாலும் ஒத்த கருத்து உண்டு.

ஆய்வகம் தனியாகப் பாடத்திட்டம் வகுத்து வகுப்பு நடத்தியதில்லை. அருகிலிருந்து செய்து பழகுவதே அங்கே கல்வி. அப்படிப் பழகியவர்கள் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவினர். கீஸ் மினசோட்டாவில் கால்பந்தாட்ட அரங்கின் படிகளுக்கடியில் ஆய்வுக்கூடம் நிறுவினார். ராபின்சன் இந்தியானாவிலும், ராபர்ட் ஜான்சன் இல்லினாயிலும், ஸ்டீவன் ஹோர்வத் சான்டா பார்பராவிலும் மாணவர்களை உருவாக்கினர். 1954இல் தொடங்கிய அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் தொழில்முறை அமைப்புக்கு டில் 1960-61இல் தலைவராக இருந்தார். 1962இல், 71 வயதில், பழைய பயணத் தோழர்களைத் திரட்டிக்கொண்டு கலிபோர்னியாவின் ஒயிட் மலைக்குச் சென்று, இளமையில் எடுத்த அளவுகளை அதே உடல்களில் மீண்டும் எடுத்து ஒப்பிட்டார். 1966இல் நெவாடாவின் போல்டர் சிட்டியிலேயே குடியேறி, பாலைவன வெப்பத்தில் நடப்பவர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1986இல் மறைந்தார்.

ஆய்வகத்தின் வரலாற்றை ஹோர்வத்தும் அவர் மனைவி எலிசபெத்தும் 1973இல் நூலாக வெளியிட்டனர். எலிசபெத் டில்லின் மகள். பிற்கால விவரிப்புகள் பெரும்பாலும் இந்நூலையும் டில்லின் நினைவுக் குறிப்புகளையுமே சார்ந்துள்ளன. 2010க்குப் பின் அறிவியல் வரலாற்றாசிரியர் சிலர், தொழிலாளரின் களைப்பை ஆராயத் தொடங்கிய இடம் எப்போது, ஏன் ஓட்டக்காரரின் திறனை ஆராயும் இடமாக மாறியது என்று கேட்டுப் புதிய கட்டுரைகள் எழுதியுள்ளனர்.