குழவி நின்றது, கல் சுழன்றது

மின்சாதனக் கடைக்கு மிக்ஸி வாங்கப் போகிறவரிடம் முதலில் சொல்லப்படுவது வாட் கணக்கு. 500, 750, 1000 என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. வீட்டில் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை நாள் இட்லி, மிளகாய்ப்பொடி வீட்டில் அரைப்பதா கடையில் வாங்குவதா என்று யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. ஒளிரும் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறோம். ஆறு மாதத்தில் அதன் நான்கு ஜார்களில் இரண்டு பரண் ஏறிவிடுகின்றன. நம் வீட்டுப் பரணிலும் அப்படி இரண்டு உண்டு.

நமக்கு முந்திய தலைமுறைகள் இந்தப் பிழையை அதிகம் செய்யவில்லை. பழைய தமிழ்ச் சமையற்கட்டை நினைவில் கொண்டுவந்து பாருங்கள். அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை ஆகிய நான்கும் கல்லாலானவை. நான்கும் தானியத்தையோ பருப்பையோ மசாலாவையோ உடைப்பவை. ஆயினும் ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் யாரும் கொடுத்ததில்லை. அம்மியில் குழவி முன்னும் பின்னும் உருளும். தண்ணீர் குறைவாக, அளவு சிறிதாக, விழுது பட்டுப்போல் வரவேண்டிய துவையலுக்கும் மசாலாவுக்கும் அது. திருகை பருப்பை இரண்டாக உடைக்கும், ரவையாக்கும். உரலும் உலக்கையும் குற்றுவதற்கானவை. உமி நீங்க வேண்டும், அரிசி நொறுங்கக்கூடாது. அந்த உழைப்பின் நீளம் எத்தகையதென்றால், அதற்கென்றே வள்ளைப்பாட்டு என்றொரு பாட்டு வகை பிறந்தது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அது இடம்பெற்றுள்ளது. ஆட்டுக்கல்லோ ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் மாவாக்குவதற்கு. குழியில் நின்ற குழவியை ஒரு கை சுழற்ற, மறுகை மாவை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இந்தத் தேர்வு நுட்பமானது. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நாம் தயாரில்லை. ஆட்டுக்கல்லை ஆட்டியவர்கள் பெண்கள். பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்கு மாவாட்டுவதென்றால் ஒரு பிற்பகலே அதில் போய்விடும், தோள்வலி தனிக்கணக்கு. ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று தெருவில் கூவிவந்தவர் உளியால் கல்லைச் சொரசொரப்பாக்கித் தந்தபின் முதல் இரண்டு ஈடுகளில் மணல் நறநறக்கும் என்பதையும் மறப்பதற்கில்லை. திருமணத்தில் அம்மி மிதிக்கும் சடங்கு இன்றும் நிலைத்திருக்கிறது. மிதித்த பெண் பின்னர் எத்தனை ஆண்டுகள் அந்தக் கல்லின் முன் குந்தியிருந்தாள் என்பதைச் சடங்கு சொல்வதில்லை.

இந்தச் சுமையை இறக்கிவைத்த வரலாறு கோயம்புத்தூரில் தொடங்குகிறது. அது தற்செயல் அன்று. 1932-இல் பைக்காரா நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கியதும் ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்சாரம் வந்தது. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு வார்ப்படப் பட்டறையும் கடைசல் பட்டறையும் வேண்டும். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே உருவாக்கிய மோட்டார் அந்த நகரத்துக்குத் தன்னம்பிக்கையைத் தந்தது. மோட்டாரைத் தெரிந்துகொண்ட கைகளும், சுற்றுவட்டாரத்தில் கல்லைத் தெரிந்துகொண்ட கைகளும் ஒரே ஊரில் இருந்தன. 1955-இல் பி. சபாபதி என்பவர் இரண்டையும் இணைத்தார். வெட் கிரைண்டர் பிறந்தது.

இந்தக் கண்டுபிடிப்பின் உள்ளே இருக்கும் எளிய தலைகீழ் மாற்றத்தை நாம் போதுமான அளவு வியந்ததில்லை. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுழலும். மனிதக் கைக்கு அதுதான் வசதி. தரையில் பதித்த பெருங்கல்லைக் கையால் சுழற்ற இயலாது. மோட்டாருக்கு நிலைமை நேரெதிர். அடியிலிருந்து சுழற்றுவதே அதற்கு எளிது. ஆகவே குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கல்லைச் சுழலவிட்டார்கள். மாவைத் தள்ளிக்கொடுத்த இடக்கையின் வேலையை உள்சுவரை ஒட்டி நிற்கும் ஒரு பலகை ஏற்றுக்கொண்டது. கல்லும் கல்லும் உரசுவது என்னும் மூலவினை மட்டும் மாறவில்லை. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்தோ, அமர்ந்தவரை அருகிலிருந்து பார்த்தோ பழகியவர்களால்தான் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று பிரித்தறிந்திருக்க முடியும் என்பது நம் எண்ணம்.

முதற்காலக் கிரைண்டர்கள் பேருருவம் கொண்டவை. குழவியைத் தூக்கி வைப்பதற்கே ஒரு ஆள் பலம் தேவைப்பட்டது. எனவே பல தெருக்களில் அது வீட்டுப்பொருளாக வராமல், காசு கொடுத்து மாவரைத்துவரும் கடையாகவே முதலில் வந்தது. ஊறிய அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அங்கே வரிசையில் நின்ற நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். பிறகு சாய்த்து மாவை வழிக்கும் வகை வந்தது. அதன்பின் மேசைமேல் வைக்கும் சிறுவகை, ஒற்றைக் குழவிக்குப் பதில் இரண்டு மூன்று உருளைக் கற்களோடும் கூம்புக் கற்களோடும் வந்தது. 2000களின் நடுப்பகுதியில் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது.

மிக்ஸியின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. 1960களில் பம்பாயில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்பவரின் வீட்டில் ஒரு ஜெர்மானிய மிக்ஸர் எரிந்துபோயிற்று. ஐரோப்பியச் சமையலுக்காக ஆனது அது. மாவு பிசையும், பழம் கூழாக்கும். உலர்ந்த மஞ்சளையும் ஊறிய பருப்பையும் அது எதிர்பார்க்கவில்லை. மாத்தூர் நம் நாட்டுச் சமையலைத் தாங்கும் மோட்டாரை வடிவமைத்தார். அப்படி வந்ததே ‘சுமீத்’ மிக்ஸி. 1970களிலும் 80களிலும் அந்தப் பெயர் பொருளுக்கே பெயராகிவிட்டது. 1978-இல் சென்னையில் தொடங்கிய ‘ப்ரீத்தி’ போன்றவை பின்னர் அந்த இடத்துக்கு வந்தன.

ஆக, கிரைண்டர் ஆட்டுக்கல்லின் வாரிசு. மிக்ஸி அம்மியின் வேலைக்கு வந்த புதிய ஆள். வாரிசு என்று அதைச் சொல்லத் தயங்குகிறோம், ஏனென்றால் அம்மி நசுக்கும், மிக்ஸி வெட்டும். வெறுமையாக ஓடுகையில் நிமிடத்துக்கு 18,000 சுற்றுகளை ஒட்டிச் சுழலும் கத்தி, பொருளை வெட்டுவதோடு சூடாக்கவும் செய்கிறது. அத்தனை வேகத்துக்குக் கார்பன் பிரஷ் கொண்ட மோட்டார் தேவை. ஆகவேதான் அந்த இரைச்சல், ஆகவேதான் 500 வாட்டும் அதற்கு மேலும். மேசைக் கிரைண்டரோ பெரும்பாலும் 150 வாட் அளவிலேயே கல்லைச் சுழற்றி, அரைமணிக்கும் மேல் சலிக்காமல் ஓடுகிறது. வாட் எண்ணைத் தரத்தின் எண்ணாகக் கொண்டால் கிரைண்டர் மட்டமான கருவி என்றாகிவிடும்! உளுந்து கல்லில் மெல்ல அரைபடும்போது காற்றை உள்ளே பிடித்துக்கொண்டு பொங்குகிறது. இட்லியின் மென்மையில் பாதி அங்கேயே தீர்மானமாகிறது. மிக்ஸியில் அரைப்பவர்கள் குளிர்ந்த நீர் ஊற்றுவது வேகத்தின் சூட்டை ஈடுகட்டத்தான்.

இப்படிப் பார்த்தால் தேர்வு அத்தனை கடினமில்லை. தினமும் சட்னியும் மசாலாவும் அரைத்து, இட்லி மாதம் ஒருமுறை என்கிற இருவர் வீட்டுக்கு நல்ல மிக்ஸி ஒன்றே போதும். கிரைண்டர் அங்கே இடத்தை அடைப்பதன்றி வேறொன்றும் செய்யாது. வாரம் இருமுறை மாவாட்டும் ஐவர் வீட்டில் மிக்ஸியை அந்த வேலைக்குப் பழக்குவது மோட்டாருக்கும் இட்லிக்கும் சேர்த்துச் செய்யும் தீங்கு. பெரிய கிரைண்டரை வாங்குமுன் அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவப்போகிறவர் யார், அவர் வயது என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். (மிக்ஸி நடுவில் நின்றுபோனால் பதறவேண்டாம். பலவற்றில் அடிப்பாகத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. சுமை மிகும்போது அது தானே அறுந்து மோட்டாரைக் காக்கும். சற்று ஆறியதும் அழுத்தினால் போதும். பழுதுபார்க்கும் கடைவரை தூக்கிச்சென்று, அங்கே அவர் அதை அழுத்திக் காட்ட, அசடு வழியத் திரும்பியவர்கள் நாம்.)

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது அறிவுலகில் ஏளனம் நிறைய எழுந்தது. அதில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இலவசங்களின் பொருளாதாரம் குறித்த விவாதம் இருக்கட்டும்; அந்தப் பட்டியலை இன்று திரும்பப் பார்க்கையில், அது சமையற்கட்டைப் பார்த்துத் தயாரித்த பட்டியலாகவே தெரிகிறது. 2006-இல் வந்த வண்ணத் தொலைக்காட்சி வீட்டில் எல்லோருக்குமானது. இதுவோ அம்மிக்கு ஒன்று, ஆட்டுக்கல்லுக்கு ஒன்று, புழுக்கத்துக்கு ஒன்று. ஏளனம் செய்தவர்களில் எத்தனை பேர் ஒருநாளாவது உளுந்து ஆட்டியிருப்பார்கள்?

நம் வீட்டு ஆட்டுக்கல் இப்போது கொல்லையில் கிடக்கிறது. குழவியைக் காணோம், யாரோ கதவுக்கு முட்டுக்கொடுக்க எடுத்துப்போனதாக நினைவு. குழியில் மழைநீர் நிற்கிறது, மைனாக்கள் வந்து குடிக்கின்றன. எண்பதைத் தாண்டிய அத்தையிடம், பழைய கல்லைத் திரும்பத் திண்ணையில் வைக்கலாமா, அழகாக இருக்குமே என்று சென்ற ஆண்டு கேட்டோம். "வை. நீயே ஆட்டிக்கோ" என்றார்.